தினம் ஒரு வேளை மருந்து: அபின்வகைப் போதைக்கு மெத்தடோன் சிகிச்சை

மெத்தடோன், அபின் குடும்பத்து மருந்துகளைப் போலவே வேலை செய்யும் ஒரு செயற்கை வலி நிவாரணி. ஹெராயினுக்கோ, போதைக்காக விழுங்கும் அல்லது கரைத்து ஊசியில் ஏற்றும் வலி மாத்திரைக்கோ அடிமையானவருக்கு இந்த மருந்தைத் தினமும் ஒரு முறை அளந்து, வாய்வழியாக, மருத்துவமனைப் பணியாளரின் கண்ணெதிரே கொடுப்பதுதான் மெத்தடோன் பராமரிப்புச் சிகிச்சை. பத்து நாள் அட்மிட் செய்து 'போதையை இறக்கி' அனுப்பும் முறைக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் உண்டு. இந்தச் சிகிச்சை மாதக் கணக்கில், பெரும்பாலும் வருடக் கணக்கில் நீளும். மருந்தை உடனே நிறுத்துவது இதன் நோக்கமல்ல. ஊசி, திருட்டு, கடன், நோய், அகால மரணம் என்று போகும் பாதையிலிருந்து ஆளை மீட்டு, வேலைக்கும் வீட்டுக்கும் திருப்புவதே நோக்கம்.

இந்தியாவில் மெத்தடோனும், அதன் பங்காளியான புப்ரினார்ஃபினும் இந்த வேலைக்குப் பயன்படுகின்றன. இரண்டையும் சேர்த்து 'அபின்வகை மாற்று சிகிச்சை' என்று சொல்வது வழக்கம். உலக சுகாதார நிறுவனம் 2005-இல் இரண்டு மருந்துகளையும் அத்தியாவசிய மருந்துகள் பட்டியலில் சேர்த்தது.

மத்திய சமூக நீதி அமைச்சகத்துக்காக டெல்லி எய்ம்ஸின் தேசிய போதை சிகிச்சை மையம் நடத்திய நாடு தழுவிய ஆய்வு 2019-இல் வெளியானது. அதன்படி இந்தியாவில் சுமார் 2 கோடியே 26 லட்சம் பேர், அதாவது மக்கள்தொகையில் 2.1 சதவீதம் பேர், ஏதேனும் ஓர் அபின்வகைப் பொருளைப் பயன்படுத்துகிறார்கள். ஹெராயின் பயன்படுத்துவோர் 1.14 சதவீதம். மருந்துக் கடைச் சரக்கான வலி மாத்திரைகளையும் இருமல் மருந்துகளையும் போதைக்காக எடுப்போர் 0.96 சதவீதம். ஊசி வழியாகப் போதை ஏற்றிக்கொள்வோர் சுமார் எட்டரை லட்சம் பேர்.

தமிழ்நாட்டில் இந்தப் பிரச்சினைக்கு இப்போது மாத்திரை முகம். சென்னையிலும் மற்ற ஊர்களிலும் 'போதை மாத்திரை' என்ற தலைப்போடு நாளிதழ்களில் வரும் கைதுச் செய்திகளில் அடிக்கடி அடிபடும் பெயர் டேபென்டடால். கடும் வலிக்கு மருத்துவர் எழுதித் தர வேண்டிய இந்த மாத்திரையைத் தூளாக்கி, குளுக்கோஸ் பாட்டில் நீரிலோ வெறும் தண்ணீரிலோ கரைத்து, நரம்பில் ஏற்றிக்கொள்கிறார்கள். விழுங்குவதற்காகச் செய்த மாத்திரையில் மருந்தோடு மாவும் பிசினும் இருக்கும். அவை ரத்தத்தில் கரையாமல் நாளத்தை அடைக்கும். கை வீங்கும், சீழ் வைக்கும். ஒரே ஊசியை நாலு பேர் மாற்றிப் போட்டால் எச்.ஐ.வி.யும் ஹெபடைட்டிஸ்-சியும் கூடவே பரவும்.

மூளையில் நடப்பது

அபின், மார்ஃபின், ஹெராயின், டிரமடால், டேபென்டடால் எல்லாம் மூளையிலுள்ள 'மியூ' என்னும் ஏற்பிகளில் போய் ஒட்டிக்கொள்பவை. ஒட்டியதும் வலி மறையும், மனம் லேசாகும், மூச்சு மெதுவாகும். திரும்பத் திரும்ப எடுக்கும்போது மூளை தன்னை அதற்கேற்பச் சரிசெய்துகொள்ளும். நேற்று ஒரு மாத்திரையில் கிடைத்தது இன்று மூன்றில்தான் கிடைக்கும். இது தாங்குதிறன். மருந்து நின்றால் உடல் எதிர்த்திசையில் துள்ளும். இவை விலகல் அறிகுறிகள்.

ஹெராயின் போட்டு எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரத்துக்குள் கொட்டாவியும் மூக்கொழுகலும் தொடங்கும். கண்ணில் நீர் வடியும், மயிர்க்கால்கள் குத்திட்டு நிற்கும், கண்மணி விரியும். அடுத்து கை கால் உளைச்சல், முதுகு முறிப்பு, வாந்தி, வயிற்றுப்போக்கு, தூக்கமின்மை. இரண்டு மூன்று நாளில் உச்சத்துக்குப் போய், ஒரு வாரம் பத்து நாளில் அடங்கும். உயிரை எடுக்கும் வேதனை இல்லை என்றாலும், தாங்க முடியாத வேதனை. வெகுநாள் பழகியவர் 'கிக்'குக்காகப் போடுவதில்லை. உடம்பு முறிக்காமல் இருக்கவே போடுகிறார். காலையில் எழுந்ததும் அன்றைய சரக்குக்குக் காசு தேடுவதே அவருடைய முழுநேர வேலையாகிவிடுகிறது.

பத்து நாளில் உடம்பு சரியானாலும் நோய் போய்விடுவதில்லை. மூளையின் ஏக்கம் மாதக் கணக்கில் தொடரும். பழைய தெரு, பழைய நண்பன், கையில் விழும் சம்பளம் என்று ஏதாவது ஒன்று அதைக் கிளறிவிடும். போதை இறக்கியவர்களில் பெரும்பாலோர் சில மாதங்களுக்குள் திரும்பப் போகிறார்கள் என்பதே உலகெங்கும் உள்ள அனுபவம். அப்படித் திரும்பும்போது இன்னோர் ஆபத்து காத்திருக்கிறது. உடம்பின் தாங்குதிறன் குறைந்திருக்கும். ஆனால் கை பழைய அளவையே எடுக்கும். மூச்சு நின்றுவிடும். லண்டனில் போதை இறக்கும் சிகிச்சைக்கு வந்த 137 பேரைத் தொடர்ந்து கவனித்து 2003-இல் வெளியிட்ட ஆய்வில், நான்கு மாதத்துக்குள் அளவு மீறி எடுத்து இறந்த மூவருமே சிகிச்சையை முழுதாக முடித்து வெளியே வந்தவர்கள். 'குணமாகிவிட்டான்' என்று குடும்பம் நிம்மதியடையும் வாரங்களே மிக ஆபத்தான வாரங்கள்.

ஜெர்மனியில் பிறந்து நியூயார்க்கில் வேலைக்கு வந்தது

1930களின் இறுதியில் ஜெர்மனியின் ஐ.ஜி. ஃபார்பன் நிறுவனத்தின் ஹோக்ஸ்ட் ஆய்வகத்தில் மாக்ஸ் போக்முல், குஸ்தாவ் எர்ஹார்ட் என்ற வேதியியலாளர்கள் மெத்தடோனை உருவாக்கினார்கள். இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் ஜெர்மன் காப்புரிமைகள் நேச நாடுகளின் கைக்குப் போயின. அமெரிக்காவில் ஈலை லில்லி நிறுவனம் 1947-இல் இதை வலி நிவாரணியாக விற்கத் தொடங்கியது.

1960களில் நியூயார்க்கில் ஹெராயின் இளைஞர்களைச் சாய்த்துக்கொண்டிருந்தது. ராக்கஃபெல்லர் நிறுவனத்தில் வளர்சிதை மாற்ற நோய்களை ஆராய்ந்துகொண்டிருந்த வின்சென்ட் டோல், போதை நோயாளிகளோடு நீண்ட அனுபவம் கொண்ட மனநல மருத்துவர் மேரி நிஸ்வாண்டர், இளம் மருத்துவர் மேரி ஜீன் கிரீக் ஆகிய மூவரும் சேர்ந்து இதற்கு வழி தேடினார்கள். முதலில் மார்ஃபின் கொடுத்துப் பார்த்தார்கள். நோயாளிகள் நாள் முழுக்க அடுத்த ஊசிக்காகக் காத்துக் கிடந்தார்களே தவிர வேறெதிலும் நாட்டம் காட்டவில்லை. மெத்தடோனுக்கு மாற்றியதும் நிலைமை தலைகீழானது. படிப்பைத் தொடர வேண்டும், வேலைக்குப் போக வேண்டும் என்று நோயாளிகளே பேசத் தொடங்கினார்கள். 22 நோயாளிகளின் அனுபவத்தோடு டோலும் நிஸ்வாண்டரும் எழுதிய கட்டுரை 1965-இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் வெளியானது. இன்றைய மெத்தடோன் சிகிச்சையின் தொடக்கம் அதுதான்.

இந்த மாற்றத்துக்குக் காரணம் மருந்தின் வேகத்தில் இருக்கிறது. நரம்பில் ஏறிய ஹெராயின் சில நொடிகளில் மூளையைத் தாக்கி, சில மணி நேரத்தில் இறங்கிவிடும். வாய்வழி மெத்தடோன் இரண்டு முதல் நான்கு மணி நேரத்தில்தான் ரத்தத்தில் உச்சத்துக்கு வரும். அதன் பாதி வெளியேறச் சராசரியாக ஒரு நாளுக்கு மேல் ஆகும். எனவே ஒரு வேளை மருந்து ஒரு நாள் முழுக்கத் தாங்கும். ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. போதுமான அளவில் இருப்பவர் அதற்கு மேல் ஹெராயின் போட்டாலும் எதிர்பார்த்த கிக் கிடைக்காது.

மருந்து கொடுக்கும் இடத்தில்

மெத்தடோன் சிரப்பாக வரும். முதல் நாள் 20 முதல் 30 மில்லிகிராம் வரைதான். பிறகு சில நாளுக்கு ஒரு முறை 5, 10 என்று மெல்லக் கூட்டுவார்கள். பெரும்பாலோருக்கு நிலைக்கும் அளவு 60 முதல் 120 மில்லிகிராம். மருந்தாளர் அடையாள அட்டையைப் பார்க்கிறார். ஆள் தள்ளாடுகிறாரா, வாயில் சாராய வாடை வருகிறதா என்று கவனிக்கிறார். சிரப்பை அளந்து குவளையில் ஊற்றுகிறார். நோயாளி அங்கேயே குடித்து, மேலே ஒரு தம்ளர் தண்ணீர் குடித்து, இரண்டு வார்த்தை பேசிவிட்டுத்தான் நகர வேண்டும். வாயில் அடக்கிக்கொண்டு வெளியே போய்த் துப்பி விற்றுவிடக் கூடாது என்பதற்காக இந்த ஏற்பாடு. பதிவேட்டில் மில்லிகிராம் கணக்கு, கையொப்பம், மீதிக் கையிருப்பு எல்லாம் அன்றன்றே ஏற வேண்டும்.

புப்ரினார்ஃபின் மாத்திரை நாக்குக்கு அடியில் வைக்க வேண்டியது. விழுங்கினால் வேலை செய்யாது. மையங்களில் மாத்திரையை நொறுக்கித் தூளாக நாக்கடியில் போட்டு, கரையும் வரை உட்கார வைப்பார்கள். ஐந்து நிமிடம், சில சமயம் பத்து நிமிடம் ஆகும். எச்சிலை விழுங்காமல் பேசாமல் காத்திருக்க வேண்டும். பிறகு வாயைத் திறந்து காட்டிவிட்டுப் போகலாம்.

காசநோய்க்கு நேரடிக் கண்காணிப்பில் மருந்து கொடுக்கும் முறை தமிழ்நாட்டுக்குப் பழக்கமானது. திருமங்கலத்துக்கும் மதுரைக்கும் இடையே தோப்பூரில் அரசு நெஞ்சக நோய் மருத்துவமனை இருப்பதால் அந்தப் பக்கத்து மக்களுக்கு அது இன்னும் நன்றாகத் தெரியும். இரண்டு சிகிச்சைகளும் சந்திக்கும் இடம் ஒன்றும் உண்டு. காசநோய் மருந்தான ரிஃபாம்பிசின், கல்லீரலைத் தூண்டிவிட்டு மெத்தடோனைச் சீக்கிரம் சிதைக்கச் செய்யும். மெத்தடோனில் நிலையாக இருந்தவர் ரிஃபாம்பிசின் தொடங்கிய சில நாளில் மூக்கொழுகலும் உடம்பு முறிப்புமாக வந்து நிற்பார். வலிப்புக்கான பினைட்டாயின், கார்பமசெபைன், சில எச்.ஐ.வி. மருந்துகள் ஆகியவையும் இப்படியே செய்யும். ஆகவே எந்த மருத்துவரிடம் போனாலும் மெத்தடோன் எடுப்பதை முதலில் சொல்ல வேண்டும்.

இரண்டு மருந்துக்கும் உள்ள வேறுபாடு

மெத்தடோன் மியூ ஏற்பியை முழுமையாகத் தூண்டும். புப்ரினார்ஃபின் பாதியளவே தூண்டும். அளவைக் கூட்டிக்கொண்டே போனாலும் ஒரு கட்டத்துக்கு மேல் மூச்சை அடக்காது. ஆகவே புப்ரினார்ஃபினில் அளவு மீறிய மரணம் அரிது. ஆனால் அது ஏற்பியை இறுகப் பிடிப்பது. உடம்பில் ஹெராயின் இருக்கும்போதே கொடுத்தால் அதை விரட்டிவிட்டுத் தான் உட்காரும். நோயாளிக்கு அரை மணியில் கடும் விலகல் அறிகுறிகள் வந்துவிடும். எனவே லேசாக உடம்பு முறிக்கத் தொடங்கிய பிறகே முதல் மாத்திரை. வெகுநாள் ஊசி போட்டவர்கள், புப்ரினார்ஃபின் போதாமல் திரும்பத் திரும்ப ஹெராயினுக்குப் போகிறவர்கள் ஆகியோருக்கு மெத்தடோன் பொருந்தும். சிகிச்சையில் ஆளை நிறுத்தி வைப்பதில் மெத்தடோனுக்கே சற்றுக் கூடுதல் வெற்றி. இரண்டில் எது என்பதை நோயாளியின் நிலை பார்த்து மருத்துவர் முடிவு செய்வார்.

இந்தியப் பாதை

பழகியவருக்கு அளவோடு கொடுத்துக் கட்டுக்குள் வைக்கும் யோசனை இந்தியாவுக்கு அந்நியமானதல்ல. 1949-இல் நடந்த அகில இந்திய அபின் மாநாடு, மருத்துவத் தேவைக்கு வெளியே அபின் விற்பனையைப் பத்து ஆண்டுகளில் ஒழிப்பதென முடிவெடுத்தது. அபினுக்குப் பழகியவர்களைப் பதிவு செய்து, மருத்துவச் சான்றின் பேரில் குறிப்பிட்ட அளவு வழங்கும் ஏற்பாடு அதைத் தொடர்ந்து நடந்தது. 1985-இல் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் வந்தது.

1990களின் தொடக்கத்தில் டெல்லி எய்ம்ஸ் மருத்துவர்கள் நாக்கடிப் புப்ரினார்ஃபினைச் சிகிச்சைக்குப் பயன்படுத்தத் தொடங்கினார்கள். டெல்லியில் தொண்டு நிறுவனங்களும் தெருவோர நோயாளிகளுக்கு அதைக் கொடுத்தன. ஊசிப் போதை மூலம் எச்.ஐ.வி. மணிப்பூரையும் நாகாலாந்தையும் உலுக்கியபோது இந்தச் சிகிச்சை வடகிழக்கில் வேகமாகப் பரவியது. தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பு தன் மூன்றாம் கட்டத் திட்டத்தில், 2007-க்குப் பிறகு, இதை அரசின் முறையான திட்டமாக்கியது. ஐ.நா.வின் போதைப்பொருள் தடுப்பு அலுவலகத்தின் உதவியோடு 2012-இல் மெத்தடோன் சோதனை அடிப்படையில் வந்தது. டெல்லி எய்ம்ஸ், மும்பை கே.இ.எம். மருத்துவமனை, இம்பாலின் ரிம்ஸ், பஞ்சாபின் கபுர்தலா அரசு மருத்துவமனை ஆகியவை தொடக்க கால மையங்களில் அடங்கும்.

சட்டமும் மெல்ல இடம் கொடுத்தது. 1985-ஆம் ஆண்டுச் சட்டத்தில் 2014-இல் செய்த திருத்தம் 'அத்தியாவசிய போதை மருந்துகள்' என்ற புதுப் பிரிவை உருவாக்கியது. மெத்தடோனும் மார்ஃபினும் அதில் சேர்ந்தன. மாநிலத்துக்கு மாநிலம் வேறுபட்ட உரிம விதிகளின் இடத்தில் நாடு முழுவதற்கும் ஒரே விதி வந்தது. அதே சட்டத்தின் 64ஏ பிரிவு, சிறிய அளவு வைத்திருந்ததற்காகவோ பயன்படுத்தியதற்காகவோ குற்றம் சாட்டப்பட்டவர் தானாக முன்வந்து அரசு அங்கீகரித்த இடத்தில் சிகிச்சை பெற்றால் வழக்கிலிருந்து விலக்கு அளிக்கிறது. சிகிச்சையை முழுதாக முடிக்காவிட்டால் அந்த விலக்கைத் திரும்பப் பெறலாம். போலீஸ் பயத்தால் மருத்துவமனைப் பக்கம் தலைகாட்டாத குடும்பங்கள் தெரிந்துகொள்ள வேண்டிய பிரிவு இது.

2017-இல் பஞ்சாப் அரசு புறநோயாளி மையங்களைத் திறந்து புப்ரினார்ஃபினையும், அபின்வகை மருந்தை முறிக்கும் நலோக்சோனையும் சேர்த்த மாத்திரையைப் பரவலாகக் கொடுக்கத் தொடங்கியது. 2020 கொரோனா ஊரடங்கில் தினமும் வரச் சொல்ல முடியாத நிலை வந்தபோது, பல நாள் மருந்தை வீட்டுக்குக் கொடுத்தனுப்பும் முறைக்கு நாடெங்கும் வழி திறந்தது.

சென்னை கற்ற பாடம்

இந்தியாவில் எச்.ஐ.வி. தொற்று முதன்முதலில் கண்டறியப்பட்டது 1986-இல் சென்னையில். கண்டறிந்தவர்கள் சென்னை மருத்துவக் கல்லூரியின் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி செல்லப்பன் நிர்மலாவும். அதே காலத்தில் சென்னையில் பிரவுன் சுகர் எனப்படும் ஹெராயின் புழக்கத்துக்கு வந்திருந்தது. முதலில் தாளில் வைத்துச் சூடேற்றிப் புகையை இழுத்தார்கள். சரக்கு கிடைப்பது கடினமாகி விலை ஏறியதும், மருந்துக் கடையில் மலிவாகக் கிடைத்த வலி ஊசிக்குப் பலர் தாவினார்கள். அந்த ஊசி மருந்து, புப்ரினார்ஃபின். மனநல மருத்துவர் எம். சுரேஷ் குமாரும் சஹாய் அறக்கட்டளையும் 1990களில் தெருத் தெருவாகப் போய் இவர்களைச் சந்தித்து நடத்திய ஆய்வுகள், சென்னையின் ஊசிப் போதை எப்படிப் பரவியது என்பதைப் பதிவு செய்தன.

ஒரே வேதிப்பொருள் நரம்பில் கணக்கின்றி ஏறும்போது நோயாகவும், நாக்கடியில் அளவோடு கரையும்போது மருந்தாகவும் ஆனது. சிகிச்சைக்கான புப்ரினார்ஃபின் மாத்திரை மருந்துக் கடையில் விற்கப்படுவதில்லை. போதை சிகிச்சை மையங்கள் வழியாகவே நோயாளியை அடைகிறது.

போதை சிகிச்சையில் தமிழ்நாட்டுக்கு நீண்ட மரபு உண்டு. சாந்தி ரங்கநாதன் 1980-இல் சென்னையில் தொடங்கிய டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆய்வு அறக்கட்டளை நாட்டின் முன்னோடி மையங்களில் ஒன்று. மதுரையில் மனநல மருத்துவர் சி. ராமசுப்பிரமணியன் 1992-இல் தொடங்கிய எம்.எஸ். செல்லமுத்து அறக்கட்டளை மனநலத்தோடு போதை மீட்பிலும் ஈடுபட்டு வருகிறது. 2025-இல் தமிழ்நாடு அரசு 'கலங்கரை' என்ற பெயரில் 25 ஒருங்கிணைந்த போதை மீட்பு மையங்களை அரசு மருத்துவமனைகளில் திறந்தது. ஆனால் மாநிலத்தின் போதை சிகிச்சை பெரும்பாலும் மதுவை மனதில் வைத்தே வளர்ந்தது. குடிநோய்க்கு அட்மிட், ஆலோசனை, பிறகு தொடர் சந்திப்பு என்ற வரிசை பொருந்தும். ஊசிக்கும் மாத்திரைக்கும் அடிமையான இருபது வயதுப் பையனுக்கு அந்த வரிசை மட்டும் போதாது. அவனுக்குத் தேவை தினமும் கிடைக்கும் மருந்து.

பலனும் ஆபத்தும்

2017-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த தொகுப்பாய்வு பல நாடுகளின் கணக்கைச் சேர்த்துப் பார்த்தது. மெத்தடோன் சிகிச்சையில் இருக்கும்போது ஆண்டுக்கு ஆயிரம் பேரில் சுமார் 11 பேர் இறந்தார்கள். சிகிச்சையிலிருந்து விலகிய காலத்தில் 36 பேர். மூன்று மடங்கு வித்தியாசம். அதே இதழில் 2012-இல் வந்த இன்னொரு தொகுப்பாய்வு, ஊசிப் போதையாளர்களிடையே எச்.ஐ.வி. தொற்றும் அபாயத்தை இச்சிகிச்சை ஏறக்குறைய பாதியாகக் குறைக்கிறது என்று கண்டது. கர்ப்பிணிகளுக்கும் இது உகந்தது. திடீரென நிறுத்தினால் குறைப்பிரசவ ஆபத்து கூடும். மெத்தடோனில் நிலையாக வைத்தால் தாயும் சேயும் கண்காணிப்பில் இருப்பார்கள். பிறந்த குழந்தைக்குச் சில நாள் விலகல் அறிகுறிகள் வரலாம். அதற்கு மருத்துவம் உண்டு.

மெத்தடோன் விளையாட்டு மருந்தல்ல. மெதுவாக வெளியேறுவதால் முதல் சில நாள்களில் உடம்பில் சேர்ந்துகொண்டே போகும். முதல் நாள் போதவில்லை என்று நோயாளியே வெளியில் வாங்கிக் கூட்டிக்கொண்டால் மூன்றாம் நாள் இரவு தூக்கத்தில் மூச்சு நிற்கலாம். எனவே முதல் இரண்டு வாரம் மிகுந்த கவனம் தேவை. மதுவும், நைட்ராஜெபம் போன்ற தூக்க மாத்திரைகளும் கூடச் சேர்ந்தால் ஆபத்து பல மடங்கு. அதிக அளவில் இதயத் துடிப்பின் ஒழுங்கைக் கெடுக்கக் கூடும் என்பதால் சிலருக்கு இ.சி.ஜி. எடுத்துப் பார்ப்பார்கள். மலச்சிக்கல், வியர்வை, பாலுணர்வுக் குறைவு ஆகியவை சாதாரணப் பக்க விளைவுகள். பழக்கமில்லாத பெரியவருக்கோ குழந்தைக்கோ ஒருவரின் ஒரு நாள் மருந்தே உயிரை எடுத்துவிடும். வீட்டுக்குக் கொடுத்தனுப்பிய மருந்தைப் பூட்டி வைக்க வேண்டும். அளவு மீறி மூச்சு தளர்ந்தவரை மீட்கும் மாற்று மருந்து நலோக்சோன். அதன் வேலை ஒரு மணி நேரத்துக்குள் ஓய்ந்துவிடும், மெத்தடோன் நாள் முழுக்க இருக்கும். எனவே ஆள் கண் விழித்துவிட்டாலும் மருத்துவமனையை விட்டு அனுப்பக் கூடாது.

மருந்து கைமாறி வெளியே போவதும் உண்மையான பிரச்சினை. சிங்கப்பூர் 2002-இல் புப்ரினார்ஃபினைச் சிகிச்சைக்கு அனுமதித்தது. தனியார் மருத்துவர்கள் எழுதிக் கொடுத்த மாத்திரையைப் பலர் கரைத்து ஊசியில் ஏற்றியதால் 2006-இல் அதைத் தடை செய்யப்பட்ட போதைப்பொருளாக்கியது. பக்கத்து மலேசியா 2005-இல் மெத்தடோன் திட்டத்தை அரசு மேற்பார்வையில் தொடங்கி விரிவாக்கியது. கோலாலம்பூரில் ஒரு பள்ளிவாசலிலேயே மெத்தடோன் வழங்கும் அளவுக்கு அது சமூகத்தில் இடம் பிடித்தது. மருந்தைவிட அதை வழங்கும் முறையே வெற்றி தோல்வியைத் தீர்மானிக்கிறது என்பதற்கு இந்த இரு நாடுகளும் சாட்சி.

திருமங்கலத்திலிருந்து பார்த்தால்

தினமும் ஒரு முறை என்ற நிபந்தனை, தூரத்தையே சிகிச்சையின் பெரிய தடையாக்குகிறது. திருமங்கலத்திலிருந்து ஒருவர் மதுரை அரசு இராசாசி மருத்துவமனைக்குப் போக வேண்டுமானால் கப்பலூர், திருநகர், திருப்பரங்குன்றம் தாண்டிப் பெரியார் நிலையம் வர வேண்டும். அங்கிருந்து இன்னொரு பஸ்ஸில் கோரிப்பாளையம். பேரையூரிலிருந்தோ கள்ளிக்குடியிலிருந்தோ வருபவருக்குத் திருமங்கலம் வரவே ஒரு பஸ். கப்பலூர் சிட்கோ தொழிற்பேட்டையில் காலை ஷிஃப்ட் பார்ப்பவர் தினமும் அரை நாளை இதற்குக் கொடுத்தால் வேலை போய்விடும். வேலையைக் காக்க வந்த சிகிச்சையே வேலையைப் பறிக்கும். இரண்டு நாள் விட்டால் உடம்பு முறிக்கும். மூன்றாம் நாள் பழைய இடத்துக்குக் கால் போகும்.

இதற்கு விடைகள் தெரிந்தவையே. ஒரு பெரிய மருத்துவமனையில் மருந்து தொடங்கி அளவை நிலைப்படுத்துவது, பிறகு தாலுகா அரசு மருத்துவமனையில் தினசரி மருந்து தருவது, நம்பிக்கை வந்தவர்களுக்குச் சில நாள் மருந்தை வீட்டுக்குக் கொடுப்பது, வேலைக்குப் போகிறவர் வரும்படி காலை ஏழு மணிக்கே கவுண்டரைத் திறப்பது. தோப்பூரில் 2019 ஜனவரியில் அடிக்கல் நாட்டப்பட்ட எய்ம்ஸ் முழு அளவில் இயங்கும்போது, டெல்லி எய்ம்ஸ் முப்பது ஆண்டுக்கு மேலாகச் செய்துவரும் இந்தச் சிகிச்சையைத் தென் மாவட்டங்களுக்குக் கொண்டுவருவது அதன் இயல்பான கடமைகளில் ஒன்று.

எத்தனை நாள் எடுக்க வேண்டும்

வீட்டில் முதலில் கேட்கும் கேள்வி இதுதான்: "ஒண்ணை விட்டு இன்னொண்ணைப் புடிச்ச மாதிரி ஆச்சே, இதை எப்ப நிறுத்துறது?" மருந்து நின்றால் உடம்பு முறிக்கும் என்பது மெத்தடோனுக்கும் பொருந்தும்; அதில் மறைக்க எதுவும் இல்லை. ஆனால் அடிமைத்தனம் என்று மருத்துவம் சொல்வது இதை மட்டுமல்ல. தீங்கு தெரிந்தும் தேடி ஓடுவது, அளவை மீறுவது, வேலையையும் குடும்பத்தையும் அதற்குப் பலி கொடுப்பது ஆகியவற்றை வைத்தே அது அளக்கிறது. மெத்தடோனில் நிலையாக இருப்பவர் காலையில் மருந்து குடித்துவிட்டு லேத் பட்டறைக்குப் போகிறார், மாலையில் சம்பளத்தோடு வீடு திரும்புகிறார்.

குறைந்தது ஓராண்டாவது தொடர வேண்டும் என்பது பொதுவான அறிவுரை. பலருக்கு அதற்கு மேலும் ஆகும். சிலருக்கு ஆயுள் முழுக்கத் தேவைப்படும். நிறுத்துவதானால் வேலை, வீடு, உறவு எல்லாம் நிலைப்பட்ட பிறகு, மருத்துவர் மேற்பார்வையில், மாதக் கணக்கில் சிறிது சிறிதாகக் குறைக்க வேண்டும். நடுவில் ஒருமுறை சறுக்கினால் சிகிச்சையிலிருந்து விரட்டக் கூடாது. அளவைச் சரிபார்க்க வேண்டும். மருந்தோடு ஆலோசனை, எச்.ஐ.வி., ஹெபடைட்டிஸ்-சி பரிசோதனை, வேலைக்கான உதவி ஆகியவையும் சேர்ந்தால் பலன் நிலைக்கும். ஹெபடைட்டிஸ்-சிக்கு 2018-இல் தொடங்கிய தேசியத் திட்டத்தின் கீழ் அரசு மருத்துவமனைகளில் இலவச மருந்து உண்டு.

வீட்டில் ஒருவர் மாத்திரைக்கோ ஊசிக்கோ அடிமையானது தெரிந்தால் அறையில் பூட்டி வைப்பதும், அங்கீகாரம் இல்லாத 'மறுவாழ்வு இல்லங்களில்' கொண்டுபோய் விடுவதும் உயிருக்கே ஆபத்து. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துச் செல்ல வேண்டும். போதை மீட்புக்கான தேசிய உதவி எண் 14446. மனநல ஆலோசனைக்கு 14416. இரண்டுக்கும் கட்டணம் கிடையாது. சிகிச்சை தொடங்கிய பின் வீட்டார் செய்ய வேண்டியது ஒன்றுதான்: மருந்தை எப்போது நிறுத்துவாய் என்று நச்சரிக்காமல், இன்றைக்கு மருந்து எடுத்தாயா என்று கேட்பது.